புழுவுக்காக நடப்பட்ட மரம்

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக ஏறிவிட்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? கம்பு நுனியில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பொசுக்குவார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அதாவது அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி, லூசியானா பக்கம், கட்டால்பா என்றொரு மரத்தில் புழு ஏறியது தெரிந்தால் வாளியும் ஏணியுமாக ஓடுவார்கள். புழுவைப் பத்திரமாகக் கீழே இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக. மறுநாள் விடிவதற்குள் அது தூண்டில் முள்ளில் ஏறியிருக்கும்.

குளத்தங்கரையிலும் வீட்டுப் பின்கட்டிலும் இந்த மரத்தை இதற்கென்றே நட்டவர்கள் பல தலைமுறையாக உண்டு. பேச்சுவழக்கில் அதற்கு ‘மீன் இரை மரம்’ என்றே ஒரு பெயர். பூவுக்காக, காய்க்காக, நிழலுக்காக, கட்டைக்காக மரம் நடுவது உலகெங்கும் உள்ளதுதான். பூச்சி வந்து இலையை மொட்டையடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மரம் நடுவது கொஞ்சம் அபூர்வம். பட்டுப்புழுவுக்கு மல்பெரி வைப்பதோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் பட்டு வளர்ப்பவர் புழுவைக் கூரைக்குள் வைத்து, இலையைப் பறித்துவந்து ஊட்டுகிறார். எல்லாம் அவர் கையில் இருக்கிறது. கட்டால்பா வைத்திருப்பவர் கையில் இருப்பது மரம் மட்டும்தான். புழு வருவதும் வராததும் வேறு சிலர் கையில். அந்த வேறு சிலர் யார் என்பதில்தான் இந்த விஷயத்தின் சுவாரசியம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மரம். கட்டால்பா என்ற பெயர் மஸ்கோகி பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. ‘இறக்கை வைத்த தலை’ என்று பொருள் சொல்கிறார்கள், பூவின் வடிவத்தை வைத்து. கரோலினா பக்கம் கட்டாபா என்றே ஒரு பழங்குடி இருக்கிறது. இரண்டு சொல்லும் ஒலியில் நெருக்கம் என்பதால் ஊர்க்காரர்கள் வாயில் மரமும் கட்டாபா, புழுவும் கட்டாபா என்று ஆகிவிட்டன. 1720-களில் கரோலினாவில் செடிகொடி, பறவைகளைத் தேடி அலைந்த இங்கிலாந்துக்காரர் மார்க் கேட்ஸ்பி இதன் விதைகளை உள்நாட்டிலிருந்து கொண்டுவந்து பரப்பியவர்களில் முக்கியமானவர்.

உறவுமுறை பார்த்தால் இந்த மரம் நமக்கு ரொம்ப அந்நியம் இல்லை. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்த பாதிரியும், தெருவோரத்தில் ராத்திரி முழுக்க வெள்ளைப் பூ உதிர்க்கும் மரமல்லியும் இதே குடும்பம்தான். பூவரசு இலையை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கினால் கட்டால்பா இலை. முருங்கைக்காயைக் கொஞ்சம் மெலிய வைத்தால் அதன் காய். காய்ந்து பழுப்பாகத் தொங்கும் அந்தக் காய்களைப் பார்த்து ‘சுருட்டு மரம்’ என்றும் அழைக்கிறார்கள்.

புழு, பருந்து அந்துப்பூச்சிகள் எனப்படும் வகையைச் சேர்ந்தது. எள்ளுக் காட்டில் வால் பக்கம் கொம்பு வைத்த கொழுத்த புழுவைப் பார்த்தவர்களுக்கு இதை அடையாளம் காண்பது சிரமமே இல்லை; இரண்டும் பங்காளிகள். கொம்பைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது குத்தாது. ரோமமும் இல்லை, தொட்டால் அரிக்காது. முதுகு கறுப்பாக, பக்கவாட்டில் மஞ்சளாக, முழு வளர்ச்சியில் மூன்று அங்குல நீளத்துக்கு இருக்கும். கட்டால்பா இனத்து மரங்களைத் தவிர வேறு எதையும் இது தின்பதில்லை.

தாய்ப்பூச்சி சாம்பல் பழுப்பு நிறம். பகலில் மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. இலையின் அடிப்புறத்தில் முட்டைகளைக் குவியலாக வைக்கும். ஒரு குவியலில் ஆயிரம் வரைகூட இருக்கலாம். ஐந்து முதல் ஏழு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக ஒரே இலையில் அடைந்து சுரண்டித் தின்னும். பெரிதாகப் பெரிதாகப் பிரிந்து மரம் முழுக்கப் பரவும். மூன்று நான்கு வாரத்தில் தின்று முடித்துவிட்டு மரத்தை விட்டு இறங்கி, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். கோடையில் அங்கிருந்து சீக்கிரமே அடுத்த தலைமுறைப் பூச்சி வெளியே வரும்; கடைசி ஈடு மட்டும் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து வசந்தத்தில் எழும். வடக்கே வருடத்துக்கு இரண்டு ஈடு, புளோரிடாவில் மூன்று நான்கு.

‘தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண்’ என்று பழமொழி உண்டு. கட்டால்பா வைத்திருக்கும் தூண்டில்காரருக்குத் தரையிலே கண். மரத்தடியில் மிளகு மிளகாகப் புழுவின் எச்சம் உதிர்ந்து கிடந்தால் மேலே ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். எச்சம் பெரிதாக ஆக, புழுவும் பெரிதாகிக்கொண்டிருக்கிறது. புழு முக்கால் வளர்ச்சி கண்டதும் எடுக்கத் தொடங்கலாம். அசந்தால் போயிற்று, ஒரு வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் மரம் மொட்டையாக நிற்கும், புழு மண்ணுக்குள் போயிருக்கும்.

எட்டும் கிளையிலிருந்து கையால் பறிக்கலாம். எட்டாத கிளைக்குக் கீழே ஒரு துணியை விரித்து நீளக் கழியால் தட்டினால் பொலபொலவென்று விழும். புழு சும்மா வராது. பிடித்தால் தலையை இப்படியும் அப்படியும் வெட்டி ஆட்டும், வாயிலிருந்து பச்சையாக ஒரு சாற்றைக் கக்கும். கையில் பட்டால் கறை போக நேரமாகும். பறித்ததைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் அதே மரத்து இலையோடு போட்டு வைத்தால் சில நாள் தாக்குப்பிடிக்கும்.

அதற்குமேல் வேண்டுமென்றால் பிரிட்ஜ்தான். ஜாடியில் மக்காச்சோள மாவைப் போட்டு, அதில் புழுக்களைப் புரட்டி, அப்படியே ஃபிரீசரில் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒன்றோடொன்று ஒட்டி உறையாமல் பார்த்துக்கொள்ளும். குளிர்காலத்தில் எடுத்து வெளியே வைத்தால் நெளிய ஆரம்பித்துவிடும் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. நெளிகிறதோ இல்லையோ, மீனுக்கு உறைந்த புழுவிலும் குறையில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். இறைச்சியும் ஐஸ்கிரீமும் இருக்கிற ஃபிரீசரில் புழு ஜாடி எந்தத் தட்டில் இருக்கலாம் என்பது வீட்டுக்கு வீடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம்.

மண்புழு எங்கே தோண்டினாலும் கிடைக்கும்போது இதற்கு ஏன் இத்தனை பாடு? காரணம் தோல். மண்புழுவை மீன் இரண்டு முறை கொத்தினால் முள் காலி. கட்டாபா புழுவின் தோல் ரப்பர் மாதிரி. முள்ளில் ஏறினால் லேசில் கழன்றுவராது. ஒரே புழுவில் நாலைந்து மீன் பிடிப்பது சாதாரணம். உள்ளே சாறு நிறைய. அந்தச் சாறு தண்ணீரில் கசிவதுதான் மீனை இழுக்கிறது என்பது தூண்டில்காரர்களின் கணிப்பு.

இங்கேதான் தீக்குச்சி வருகிறது. புழுவின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, வால் பக்கமிருந்து தீக்குச்சியின் மழுங்கிய முனையால் தள்ளி, சட்டைக் கையை மறுபுறம் திருப்புவது போல முழுப் புழுவையும் உள்வெளியாகத் திருப்பிவிடுவார்கள். கறுப்பு மஞ்சள் புழு இப்போது வெளுத்துப்போய், பிசுபிசுவென்று, சாறு சொட்டச் சொட்ட இருக்கும். கலங்கல் தண்ணீரில் அந்த வெளுப்பு பளிச்சென்று தெரியும், வாசனையும் கூடுதல் என்பது இந்தக் கட்சியின் வாதம். எதிர்க்கட்சி, புழுவைத் திருப்பாமல் அப்படியே உயிரோடு நெளிய விடுவதே மேல் என்கிறது. பரம்பரைச் சண்டை. கையில் பச்சைச் சாறு வழிய வழியச் செய்யும் அந்த வேலையை யாரும் வீணுக்குச் செய்யமாட்டார்கள் என்பதால் என் ஓட்டு முதல் கட்சிக்கு.

மீன் என்றால் முக்கியமாகப் புளூகில். எழுத்தில் ‘ப்ரீம்’, பேச்சில் ‘ப்ரிம்’ என்று அங்கே கூப்பிடும் கையகல மீன்களில் அதுதான் பிரதானம். வசந்தத்தின் கடைசியில், தண்ணீர் வெதுவெதுப்பானதும், இவை ஆழமில்லாத கரையோரத்தில் வட்ட வட்டமாகக் குழி பறித்துக் கூட்டமாக முட்டையிடும். கட்டால்பாவின் முதல் ஈடு புழுவும் தெற்கே ஏறக்குறைய அதே சமயத்தில் தயாராகிறது. இந்தப் பொருத்தம் இல்லையென்றால் புழுவுக்கு இந்த அளவு பெயர் வந்திருக்குமா என்பது சந்தேகமே. புளூகிலுக்கு வாய் சின்னது, அதனால் புழுவைப் பாதியாக நறுக்கியும் போடுவார்கள். கெளுத்திக்கு முழுப் புழு. ஆற்றில் நீளக் கயிறு கட்டி, அதில் வரிசையாக முட்களைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவைப்பார்கள். நம் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்கிறார்களே, அதன் ஆற்று வடிவம்.

சரி, இந்த மரம் எப்படி இவ்வளவு இடத்துக்குப் பரவியது? இயற்கையில் தெற்குக் கட்டால்பா, வடக்குக் கட்டால்பா என்று இரண்டு இனம். முதலாவது மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய சில மாநிலங்களில் மட்டும் இருந்தது. இரண்டாவது மிசிசிப்பி ஆறும் ஒஹாயோ ஆறும் சேரும் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய பகுதியில். இரண்டும் ஒன்றேதான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஒஹாயோவைச் சேர்ந்த ஜான் ஆஸ்டன் வார்டர்தான் 1853-ல் நெட்டையாக நிமிர்ந்து வளரும் வடக்கு மரத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்.

அந்த வேறுபாடு வெறும் பெயர் விஷயமில்லை. அதில் பணம் இருந்தது. கட்டால்பா கட்டை மண்ணுக்குள் புதைந்தாலும் லேசில் மக்காது, மரமும் மடமடவென்று வளரும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரயில் பாதை காட்டுத்தீயாகப் பரவிக்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கும், புல்வெளி மாநிலங்களில் வேலிக் கம்பத்துக்கும் மரம் போதவில்லை. கட்டால்பாவை நட்டால் இருபதே வருடத்தில் கட்டை தயார் என்று ஒரு மோகம் கிளம்பியது. கன்சாஸில் பார்லிங்டன் என்ற ஊருக்கு அருகே ரயில்வே ஒன்றுக்காகவே பெரிய தோப்பு போடப்பட்டது. தண்டவாளக் கட்டைக்கு அந்த மரம் மென்மையாகிப்போனது. ஆணி கெட்டியாக நிற்கவில்லை. வேலிக் கம்பமாக ஓரளவு பிழைத்தது. ஆனால் அதற்குள் மரம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது, பின்னாலேயே புழுவும்.

தோப்புக்காரருக்கு அந்தப் புழு சத்ரு. 1916-ல் அமெரிக்க வேளாண் துறை விவசாயிகளுக்கென்று இந்த ஒரே புழுவைப் பற்றித் தனியாகக் கையேடு வெளியிட்டது என்றால் தொல்லை எவ்வளவு என்று யூகிக்கலாம். கம்ப வியாபாரம் தேய்ந்து போனபின் மிஞ்சியது மரம், மரத்தில் புழு, பக்கத்தில் குளம். ஒரு காலத்தில் மருந்தடித்துக் கொன்றதையே இப்போது டஜன் கணக்கில் இரைக் கடைகளில் விற்கிறார்கள்.

இனி, மரத்துக்காரரின் தீராத புலம்பல். ‘போன வருடம் மரம் முழுக்கப் புழு. இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. பக்கத்துத் தெரு மரத்தில் மட்டும் இருக்கிறது.’ இது கட்டால்பா வைத்திருக்கும் எல்லோரும் சொல்வது. மரத்தில் ஏதோ கோளாறு என்றோ, இது ‘புழு பிடிக்காத’ வகை மரம் என்றோ முடிவுகட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆள். எறும்பைவிடப் பெரிதில்லாத ஒரு குளவி.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம்மிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மண்கூடு கட்டும் நம் ஊர்க் குளவியை வைத்துப் பிறந்த நம்பிக்கை அது. கட்டால்பா இலைமேல் நடப்பதைப் பார்த்திருந்தால் அதைச் சொன்னவர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருப்பார்கள். இந்தச் சின்னக் குளவி, புழுவின் உடம்புக்குள் ஊசி போலக் குத்தி டஜன் கணக்கில் முட்டையிடுகிறது. முட்டையோடு ஒரு வைரஸையும் சேர்த்தே செலுத்துகிறது. குளவியின் சொந்த மரபணுவிலேயே எழுதப்பட்டு, தாயிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறி வரும் வைரஸ் அது. அதன் வேலை புழுவின் நோய் எதிர்ப்பை முடக்குவது. முட்டை பொரிந்து, குளவிக் குஞ்சுகள் புழுவின் உள்ளிருந்தபடியே வளர்கின்றன. புழு ஒன்றும் நடக்காதது போலத் தின்றுகொண்டிருக்கும். இரண்டு வாரம் போலக் கழிந்ததும் தோலைத் துளைத்து வெளியே வந்து, முதுகின்மேலேயே வெள்ளைக் கூடு பின்னிக்கொள்கின்றன. புழு முதுகில் குருணை அரிசியை நட்டு வைத்தது போல இருக்கும். அந்தப் புழு அதற்குமேல் தின்னாது, சில நாளில் செத்துவிடும்.

புழுவிடம் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. கட்டால்பா இலையில் கட்டால்பால் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பெயரே மரத்திலிருந்து வந்ததுதான். பெரும்பாலான பூச்சிகள் அந்தக் கசப்புக்கு அஞ்சி ஒதுங்கும். இந்தப் புழு அதைத் தின்று தன் உடம்பிலேயே சேமித்துக்கொள்கிறது. தின்ன வருபவர்களுக்கு எதிரான அந்தக் கவசம் குளவியிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. கசப்பு ஏறிய புழுவுக்குள்ளேயும் குளவிக் குஞ்சு நன்றாகவே வளர்கிறது.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. கட்டால்பா பூவில் மட்டுமல்லாமல் இலையின் அடியிலும் தேன் சுரக்கும் புள்ளிகள் உண்டு. புழு இலையைக் கடித்தால் அந்தப் புள்ளிகளில் தேன் அதிகமாகச் சுரக்கிறது என்று 1982-ல் ஆண்ட்ரூ ஸ்டீபன்சன் என்ற தாவரவியலாளர் காட்டினார். தேன் தேடி எறும்பும் பொறிவண்டும் குளவியும் வருகின்றன. வந்தவை முட்டையையும் குஞ்சுப் புழுவையும் கையோடு காலி செய்கின்றன. மரம் கூலி கொடுத்து அடியாள் கூப்பிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது மரத்துக்காரரின் புலம்பலைத் திரும்பப் படித்தால் விளங்கும். ஒரு வருடம் புழு அமோகம். அமோகமான புழு என்றால் குளவிக்கும் அமோக விருந்து. முதல் ஈட்டில் நூற்றில் சில புழு முதுகில் வெள்ளைக் கூடு. அடுத்த ஈட்டில் பாதிக்குமேல். அதற்கடுத்ததில் மண்ணுக்குள் போகப் புழுவே மிஞ்சாது. மறு வசந்தத்தில் மரத்தடி மண்ணிலிருந்து எழுந்து வர ஆளில்லை. புழு இல்லாவிட்டால் குளவியும் பட்டினிதான், அதுவும் அந்த இடத்திலிருந்து காணாமல் போகும். பிறகு எங்கிருந்தோ ராத்திரியில் பறந்துவரும் ஒரு தாய்ப்பூச்சி, குளவி இன்னும் கண்டுபிடிக்காத அந்த மரத்தில் முட்டை வைத்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். கட்டால்பா இப்போது காடாக இல்லை. இந்த வீட்டில் ஒன்று, அரை மைல் தள்ளி இன்னொன்று என்று சிதறி நிற்கிறது. அதனால் ஒவ்வொரு மரத்திலும் இந்த ஆட்டம் தனித்தனியாக, வேறு வேறு கட்டத்தில் நடக்கிறது. பக்கத்துத் தெருவில் புழு இருந்து இங்கே இல்லாததற்கு வேறு மர்மம் தேட வேண்டியதில்லை.

புழு இல்லாத மரத்துக்கு வேறு மரத்திலிருந்து புழு கொண்டுவந்து விடுவது நெடுநாள் பழக்கம். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. குளவி முட்டையிட்ட புழுவுக்கு, கூடு வெளியே தெரியும்வரை பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. பெரிய புழுக்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்தால் குளவியையும் கையோடு அழைத்துவந்ததாகிவிடும். முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி வந்து, புது மரத்தின் இலைமேல் குத்தி வைப்பது அதைவிட உத்தமம். இந்தக் குளவி தேடுவது புழுவை, முட்டையை அல்ல.

மண்ணையும் மறந்துவிடுகிறார்கள். மரத்தடியை உழுதாலும், கொத்திக் கிளறிப் பூச்செடி வைத்தாலும், ஆழமில்லாமல் கிடக்கும் கூட்டுப்புழு நசுங்கிப்போகும். சருகு அப்படியே கிடக்கட்டும் என்று விட்ட மரத்தடிதான் புழுவுக்கு வசதி. தோட்டத்தில் காய்கறிக்கு அடிக்கும் மருந்து காற்றில் இந்த இலைமேல் படிந்தாலும் கதை முடிந்தது.

மரத்துக்கு என்ன ஆகும் என்று பரிதாபப்படுபவர்களுக்கு: நன்றாக வேர் பிடித்த கட்டால்பா மொட்டையானால் சில வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும். ஒரே கோடையில் இரண்டு மூன்று முறை மொட்டையாகித் துளிர்க்கும் மரங்கள் உண்டு. காய்ப்பு குறையும். வருடா வருடம் விடாமல் நடந்தால் இளைக்கும், ஏற்கெனவே வறட்சியில் வாடிய மரமென்றால் பட்டும் போகலாம். புழுவில் பாதியைத் தூண்டில்காரர் எடுத்துப் போவது அந்த வகையில் மரத்துக்கு உபகாரம்தான்.

தோட்டக்கலை ஆலோசகர்கள் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: முதுகில் வெள்ளைக் கூடு உள்ள புழுவைக் கண்டால் கொல்லாதீர்கள், அப்படியே விடுங்கள், அதிலிருந்து வரும் குளவி உங்கள் மரத்தைக் காக்கும். மீனுக்காக மரம் வைத்திருப்பவருக்கு இதே அறிவுரை தலைகீழ். அவர் அந்தப் புழுக்களை முதலில் பொறுக்கி எடுக்கிறார். முள்ளில் கோக்க அவை உதவாது, உள்ளே சாறெல்லாம் வற்றிப்போய் வெறும் தோலாக இருக்கும். ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு மூடி, மரத்திலிருந்து அப்பால் எடுத்துப் போகிறார்.